நவம்பர் 25, நவம்பர் 27: நடுகல் யாருக்கு?

கொடி நாள் என்றால் எனக்கு ஒரு குண்டூசிதான் ஞாபகம் வருகிறது. மயிலாப்பூரில் நான் படித்த பள்ளியில் ஒவ்வொரு டிசம்பர் 7ஆம் தேதியும் வகுப்புக்கு ஓர் உண்டியல் வரும். ஆளுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் போடுவோம். போட்டவனுக்கு ஒரு சின்னக் காகிதக் கொடி. சட்டைப் பையின்மேல் குத்திக்கொண்டு சாயங்காலம் வரை அலைவோம். யாருக்காக இந்தக் காசு என்று கேட்டால் 'நாட்டுக்காக' என்பார் வாத்தியார். போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் 1949இலிருந்து அந்தத் தேதியில் நிதி திரட்டுகிறார்கள் என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. எந்தப் போர், யார் செத்தார்கள், எங்கே செத்தார்கள் என்கிற கேள்விகளுக்கு அந்தக் குண்டூசியில் இடமில்லை. ஒரு தேசம் தன் சாவுகளைப் பொதுமைப்படுத்துகிற விதம் அது. பெயர் வேண்டாம், இடம் வேண்டாம், கொடி போதும்.

அந்தப் பொதுமைக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு நிற்கும் சில சாவுகளைப் பற்றியது இக்கட்டுரை. கொடி நாளுக்குச் சில நாட்கள் முன்னால் வருகிற இரண்டு தேதிகளை எடுத்துக்கொள்கிறேன். நவம்பர் 25, 1987இல் யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் இந்திய அமைதி காக்கும் படையின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இறந்த நாள். நவம்பர் 27, 1982இல் விடுதலைப் புலிகளின் முதல் களச்சாவு என்று சொல்லப்படும் சங்கர் என்கிற சத்தியநாதன் மதுரையில் இறந்த நாள்; 1989 முதல் அது 'மாவீரர் நாள்'. ஒருவர் பம்பாயில் பிறந்த தமிழர், மற்றவர் வடமராட்சித் தமிழர். முன்னவர் சென்னையில் பயிற்சி பெற்று யாழ்ப்பாணத்தில் செத்தார். பின்னவர் யாழ்ப்பாணத்தில் சுடப்பட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்து செத்தார். இரண்டு சாவுகளுக்கும் நடுவில் எங்கள் ஊர் இருக்கிறது. ஊரோ இரண்டைப் பற்றியும் பொதுவில் வாய்திறக்கத் தயங்குகிறது. கட்சிகள் நடத்தும் அரங்கக் கூட்டங்களைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்கிறேன்.

*

பரங்கிமலைப் பக்கம் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம் 1963இல் தொடங்கியது. பரமேஸ்வரன் 1972இல் அங்கிருந்துதான் அதிகாரியாக வெளியே வந்தார். கழகத்தின் அணிவகுப்புத் திடலுக்கு இன்று அவர் பெயர். 1987 நவம்பர் 25 இரவு, தேடுதல் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த அவருடைய அணி பதுங்கித் தாக்கப்பட்டது. கைகலப்பாக மாறிய சண்டையில் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும், சுட்டவனிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கி அவனைச் சுட்டார் என்பது பரம்வீர் சக்ரா விருதுக் குறிப்பு சொல்லும் கதை. அமைதிப் படையில் அந்த விருது பெற்றவர் அவர் ஒருவரே. சுட்டவனும் தமிழன், சுடப்பட்டவனும் தமிழன் என்பதை விருதுக் குறிப்பு சொல்லாது. அதன் மொழியில் ஒருவன் 'தீவிரவாதி', ஒருவன் 'வீரன்'. புலிகளின் மொழியிலும் இதே இரண்டு சொற்கள்தாம், இடம் மட்டும் மாறியிருக்கும்.

1987 ஜூலை 29இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்தப் படை போனது தமிழர்களைக் காப்பாற்ற என்றுதான். அக்டோபர் 10இல் அதுவே புலிகள்மீது போர் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் செத்தார்கள். எதிரில் நின்ற இயக்கத்துக்கு 1983க்குப் பிறகு பயிற்சி கொடுத்ததும் இந்திய உளவுத்துறைதான். 1990 மார்ச் 24இல் கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறும்போது இறந்தவர் தொகை ஆயிரத்து நூறைத் தாண்டியிருந்தது. சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படைக்கு வரவேற்புச் சொல்ல முடியாது என்பது அவர் தரப்பு. சரி என்பவர்கள் உண்டு, ஓட்டு அரசியல் என்பவர்களும் உண்டு. நான் பிறந்தது அந்த வருஷம். அதனால் இதெல்லாம் எனக்கு நினைவு இல்லை, பிரதி மட்டுமே.

பிரதிக்கு வெளியே எனக்குக் கிடைத்தவர் ஒரு வாட்ச்மேன். தி.நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய தெருவில் நண்பர் வீட்டு அபார்ட்மெண்ட் வாசலில் உட்கார்ந்திருப்பார். வேலூர்ப் பக்கத்துக்காரர், மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். சென்னையின் ஏடிஎம் வாசல்களிலும் அடுக்குமாடி வாசல்களிலும் பன்னிரண்டு மணி நேர டியூட்டி பார்க்கிற முன்னாள் ராணுவத்தார் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கொடி நாள் உண்டியலுக்கு உருவம் கொடுத்தால் அவர் மாதிரித்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்தீர்களா என்று கேட்டேன்.

"இருந்தேன் தம்பி. தண்ணி கேட்டா தமிழ்லதான் கேப்போம். அந்தம்மாவும் தமிழ்லதான் இல்லேன்னு சொல்லுவாங்க."

கொஞ்சம் பொறுத்து அவராகவே சொன்னார்: "லீவுல ஊருக்கு வந்தா டீக்கடையில ஒருத்தன் கேக்கறான், எத்தன தமிழனக் கொன்னேன்னு. அங்க நாங்க இந்தியாக்காரன். இங்க வந்தா துரோகி. அதுக்கப்புறம் நான் எங்கயும் சொல்றதில்ல. கார்கில் பக்கம் இருந்தேன்னு சொல்லிருவேன்."

அவர் கார்கிலுக்குப் போனதே இல்லை.

*

இந்தப் பொய் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தேசியத்தின் பண்பாட்டு வேர்களைப் பேசவருகிற பெனடிக்ட் ஆண்டர்சன், பெயர் தெரியாத போர்வீரனின் கல்லறையை முதலில் எடுத்துக்கொள்கிறார். அந்தக் கல்லறை காலியாக இருந்தாலும் பரவாயில்லை, தேசம் தன் கற்பிதத்தை அதில் நிரப்பிக்கொள்ளும் என்பது அவர் வாதம். 1983இல் வந்த அந்த நூலை நம் சிறுபத்திரிகைகள் போதுமான அளவு மேற்கோள் காட்டிவிட்டன. நம் வாட்ச்மேன் விஷயத்தில் நடப்பது அதன் தலைகீழ். உடல் இருக்கிறது, பெயர் இருக்கிறது, பென்ஷன் புத்தகம் இருக்கிறது. நிரப்பிக்கொள்ளத் தேசம் இல்லை. இந்திய தேசியம் அந்தப் போரை ஒரு தவறாக மறக்க விரும்பியது, தமிழ்த் தேசியம் அதை ஒரு குற்றமாக மட்டுமே நினைவில் வைத்தது. இரண்டுக்கும் இடையில் விழுந்தவர் கார்கிலை இரவல் வாங்கிக்கொள்கிறார்.

கார்கிலும் காஷ்மீரும் சென்னைக்குச் சிக்கலில்லாத சாவுகள். 2014 ஏப்ரல் 25இல் ஷோப்பியானில் இறந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் உடல் பெசன்ட் நகர் மயானத்துக்கு வந்தபோது ஊர் கூடி வழியனுப்பியது. 2024 தீபாவளிக்கு அவர் கதை 'அமரன்' என்று படமாகி ஓடியது. அந்தத் துக்கத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தத் துக்கம் யாரிடமும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதிரி தூரத்தில் இருக்கிறான், அவன் பாஷை நமக்குத் தெரியாது. கந்தரோடையில் எதிரியின் பாஷை தெரியும், அதுதான் சங்கடம்.

டெல்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தின் கல் வட்டங்களில் இலங்கையில் இறந்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன. ஆனால் அதற்கு முன்பே அவர்களுக்கென்று தனி நினைவுச் சின்னம் எழுப்பியது இலங்கை அரசு. கொழும்பை ஒட்டிய கோட்டையில், நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. யாருக்கு எதிராகப் போரிட்டுச் செத்தார்கள் என்பதைப் பொறுத்தே அங்கே மரியாதை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களுக்கென்று நம் அரசு ஒரு நாள் குறிக்கவில்லை. முன்னாள் வீரர்கள் தாங்களாகவே கூடி மலர்வளையம் வைத்துவிட்டுப் போனார்கள்.

*

மற்றத் தேதிக்கு வருகிறேன். 1982 மே 19இல் பாண்டி பஜாரில் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கும் வாசலிலிருந்து நடக்கிற தூரம். கைது, வழக்கு, நிபந்தனை ஜாமீன். நிபந்தனைப்படி பிரபாகரன் மதுரையில் இருக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் நவம்பரில் யாழ்ப்பாணத்தில் குண்டடிபட்ட சங்கரைப் படகில் கடல் கடத்தி மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் இறந்தார். மாவீரர் நாளின் தேதியைத் தீர்மானித்ததில் தி.நகர்க் கடைத்தெருவுக்கும் பங்கு உண்டு என்றால் மிகையில்லை. புடவை எடுக்கப் போகிற யாருக்கும் இது தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 1986 நவம்பரில் தகவல் தொடர்புக் கருவிகளைப் போலீஸ் பறித்துக்கொண்டதை எதிர்த்துப் பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்தது அடையாறு இந்திரா நகரில். அன்றைக்குப் புலிகள் இந்த ஊரின் விருந்தாளிகள். அடுத்த அக்டோபரில் போர். 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூர். 1992 மே மாதம் தடை. அந்தத் தடை இன்றுவரை நீட்டிக்கப்பட்டுக்கொண்டே வருகிறது.

ஆக, ஐந்தே வருஷத்தில் இந்த ஊர் இரண்டு துக்கங்களை விழுங்கியிருக்கிறது. 1987க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்காக அழ முடியவில்லை. 1991க்குப் பிறகு புலிக்காக அழ முடியவில்லை. ராஜீவோடு சேர்ந்து செத்த நம் ஊர்க்காரர்களுக்காக அழுதவர்களிடம் புலிக்காக அழச் சொல்லிக் கேட்கவும் முடியாது. 2009இல் முள்ளிவாய்க்காலில் செத்த பொதுமக்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற 2017 மே மாதம் மெரினாவில் கூடியவர்களில் சிலர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மெழுகுவர்த்திக்குக் குண்டர் சட்டம் என்றால், அரசுக்குப் பயம் மெழுகுவர்த்தியிடம் இல்லை, யாரை நினைத்து ஏற்றுகிறார்கள் என்பதில்தான்.

மாவீரர் நாளை நான் தூரத்திலிருந்து வாசித்தவன். 1989இல் மணலாற்றுக் காட்டுக்குள், அமைதிப் படை வெளியே சுற்றிக்கொண்டிருந்தபோது, முதல் தடவை நடந்தது. பிறகு துயிலும் இல்லங்கள் வந்தன. ஒரே அளவில், ஒரே வரிசையில் கல்லறைகள். உடலை 'விதைப்பது' என்பார்கள், புதைப்பது என்ற சொல்லே கிடையாது. உடல் கிடைக்காதவர்களுக்கு வைத்த கல்லுக்கு அவர்கள் கொடுத்த பெயர்: நடுகல்.

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இங்கே புல்லரிக்க வேண்டும். எனக்கும் அரித்தது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் அடுக்குகிற ஆறு நிலைகளை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவர்கள் நாம். ஆனால் அந்தப் பெயர் வந்தது புறத்திணையிலிருந்து என்றாலும், அந்த வடிவம் வந்தது வேறிடத்திலிருந்து. நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தால் புரியும். தென்னிந்தியாவில் பல ஊர்க் கல்லறைகளில் கிடந்த இரண்டாம் உலகப்போர்ச் சிப்பாய்களைத் தோண்டி எடுத்து 1952இல் ஒன்றாகச் சேர்த்த இடம். எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கற்கள், ஒரே உயரம், ஒரே வரிசை, நடுவே வெட்டிவிட்ட புல். ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே கல் என்பது பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் முதல் உலகப்போரில் வகுத்த விதி. துயிலும் இல்லத்தின் தளவரைபடம் அதற்குத்தான் உறவு, செங்கத்துக்கு இல்லை. அரசாக விரும்பிய இயக்கம் அரசின் கல்லறையைத்தான் கட்டும். இதை ஏளனமாகச் சொல்லவில்லை.

அந்த ஆணையத்தின் சமத்துவமும் வெள்ளைக்காரனோடு நின்றுவிட்டது. அவர்களே 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதல் உலகப்போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். இன்னும் 1,16,000 பேராவது பெயர் பொறிக்கப்படாமலோ, எந்த நினைவும் இல்லாமலோ விடப்பட்டார்கள். நம் கிராமங்களில் பழைய பள்ளிச் சுவரிலோ சாவடியிலோ ஒரு சின்னக் கல்பலகை பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-19 பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று இருக்கும். எண் மட்டும்தான், பெயர் இருக்காது.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. இறந்த வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்று எழுதியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்த பெயர் இருபதாம் நூற்றாண்டில் மெசபடோமியாவில் செத்த நம்மூர்ச் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

நடுகல்லைப் பற்றி நம் தமிழ்த் துறைகள் சொல்லித் தராத இன்னொன்று. தொறு மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு, தொறு கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. ஆநிரை யாருடையது என்பதை வைத்துச் சாவை அளக்கவில்லை. அதனால் அந்தச் சமூகம் உயர்ந்தது என்று சொல்லவரவில்லை, மாட்டுக்காக மனிதனை வெட்டிய சமூகம் அது. கல் மட்டும் ஊருக்குச் சொந்தமாக இருந்தது, ஊரில் அழ ஆள் இருந்தால் கல் இருந்தது. இன்று கல்லை நடுவதும் பிடுங்குவதும் அரசின் வேலை. யாழ்ப்பாணத்துக் கோப்பாய்த் துயிலும் இல்லத்தை இலங்கை ராணுவம் இரண்டு தடவை இடித்தது. இரண்டாம் தடவை இடித்த இடத்தின்மேல் 2011இல் தன் 51ஆவது டிவிஷன் தலைமையகத்தைக் கட்டிக்கொண்டது. இங்கேயும் 2013 நவம்பரில் தஞ்சை முள்ளிவாய்க்கால் முற்றத்தின் சுற்றுச்சுவரைத் திறந்த சில நாட்களிலேயே நெடுஞ்சாலைத் துறை இடித்தது. காரணம் ஆக்கிரமிப்பு என்றார்கள்.

*

இதுவரை சொன்னதில் இரண்டு பக்கம்தான் இருக்கிறது: சிப்பாய், புலி. தோழர்கள் பலர் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். அடையாறில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா அப்படி நிறுத்த விடவில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர், எனக்கு அம்மா வயது. நவம்பர் 27 மாலை 6.05க்கு, சங்கர் இறந்ததாகச் சொல்லப்படும் நேரத்துக்கு, விளக்கு ஏற்றுவீர்களா என்று ஓர் ஆர்வத்தில் கேட்டுவிட்டேன்.

"என்ர தம்பிக்கு அந்த நாள் இல்லை" என்றார். "அவன் டெலோவில இருந்தவன். எண்பத்தாறில இவையள்தான் சுட்டவை. அவனை ஆரும் மாவீரன் எண்டு சொல்லேல்ல. நான் சித்திரையில ஒரு நாள் பார்த்து விளக்குக் கொளுத்துறன். எந்த நாள் எண்டும் சரியாத் தெரியாது, உடம்பு தரேல்ல."

1986 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் புலிகள் டெலோவை அழித்தார்கள், தலைவர் சிறீ சபாரத்தினத்தையும் கொன்றார்கள். 1990 ஜூன் 19இல் கோடம்பாக்கம் சக்கரியா காலனியில் பத்மநாபாவையும் தோழர்களையும் கொன்றார்கள். நினைவு நாள் என்கிற அமைப்பே விலக்கலால் ஆனது. மாவீரர் பட்டியல் யாரைச் சேர்த்தது என்பதைவிட யாரை விட்டது என்பதில்தான் அந்த அரசியல் தெரிகிறது. இதை ஈழ ஆதரவுக் கூட்டங்களில் பேசினால் 'இது நேரமில்லை' என்பார்கள். நாற்பது வருஷமாக நேரமில்லை.

இந்தியப் பட்டியலிலும் அப்படி விடுபட்டவர்கள் உண்டு. 1987 அக்டோபர் 21, தீபாவளி. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்த அமைதிப் படை நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸ்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களுக்கு ஆஸ்பத்திரி ஊழியர்கள் வருஷாவருஷம் அஞ்சலி செலுத்துகிறார்கள். சென்னையில் அன்று என்ன செய்தோம் என்று யோசிக்கிறேன். பட்டாசு வெடித்திருப்போம். செய்தி உண்மையில் இங்கே வந்து சேரவே நாளானது. நடவடிக்கையின் மேல்நிலைத் தலைமையகம் மட்டும் இந்த ஊரில்தான் இருந்தது.

நினைவு நாளைக் கீழிருந்து திருப்பிப்போட்ட முன்னுதாரணங்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இலங்கையில் நவம்பர் 11 அன்று விற்ற பாப்பிப் பூவின் காசில் பெரும்பகுதி பிரிட்டிஷ் முன்னாள் சிப்பாய்களுக்குப் போனதை எதிர்த்து 1931இல் சூரியமல் பூவை விற்கத் தொடங்கினார்கள். 1933இல் இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையிலெடுத்து ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக்கினார்கள். லங்கா சமசமாஜக் கட்சியின் பிறப்பில் அந்தப் பூவுக்குப் பங்கு உண்டு. இங்கே கோரேகாவ் தூண். கிழக்கிந்தியக் கம்பெனி தன் 1818 வெற்றிக்கு நட்டது. 1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் அங்கே போய் நின்ற பிறகு அது தலித்துகளின் நாளானது. பேரரசின் கல்லில் பேஷ்வா ஆட்சிக்கு எதிரான நினைவை அவர்கள் வாசித்தார்கள். மஹார் ரெஜிமெண்டின் தொப்பிச் சின்னத்தில் ஒரு காலத்தில் அந்தத் தூணே இருந்தது. பரமேஸ்வரன் செத்தது 8ஆவது மஹார் பட்டாலியனோடு. கோரேகாவில் நின்றவர்களின் பேரன்கள் கந்தரோடையில் யாருக்காக நின்றார்கள் என்கிற கேள்வியை எந்த விருதுக் குறிப்பும் கேட்காது, தலித் அரசியல் பேசுகிற நாமாவது கேட்கலாம்.

நான் கேட்பது புதிதாக ஒரு நாள் இல்லை, இருக்கிற நாட்களே அதிகம். 25க்கும் 27க்கும் இடையில் ஒரு மாலை, இந்த ஊரில் ஏதாவதொரு சின்ன அறையில், அமைதிப் படையில் செத்தவர்கள், புலிகள், டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஆஸ்பத்திரியில் செத்தவர்கள், ஸ்ரீபெரும்புதூரில் செத்தவர்கள் எல்லோருடைய பெயரையும் அகர வரிசையில் வாசிக்கலாம். பதவிப் பெயர் வேண்டாம், இயக்கப் பெயர் வேண்டாம். எல்லோரையும் சமமாக்கிக் குற்றத்தைக் கழுவுகிற வேலை என்று இதற்கு எதிர்ப்பு வரும், நியாயமான எதிர்ப்பு. கொன்றவன் பெயரும் கொல்லப்பட்டவன் பெயரும் அடுத்தடுத்து வரும்போது யாராவது எழுந்து 'இவன்தான்' என்று சொல்லக்கூடும். சொல்லட்டும். அதற்கும் சேர்த்துத்தான் அறை.

இதை வாட்ச்மேனிடம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கூட இருந்து செத்த நாலு பேர் பெயரை ஊர் பெயரோடு சொன்னார், எழுதிக்கொண்டேன். எந்தத் தேதி என்று கேட்டேன்.

"அக்டோபர்தான் தம்பி. தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்ன."

"தீபாவளி அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க ஐயா?"

என்னைப் பார்த்தார். வாசலில் ஒரு கார் ஹாரன் அடித்தது. எழுந்து போய் கேட்டைத் திறந்துவிட்டார். திரும்பி வந்தபோது நோட்டு எழுதும் மேசையில் உட்கார்ந்து அந்தக் கார் நம்பரைப் பதிந்தார். நான் மறுபடி கேட்கவில்லை.